எர்ரர் வரவில்லை என்பது டெஸ்ட் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருள் கோளாறு என்றாலே திரையில் தெரிகிறதைப் பற்றித்தான் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். டேட்டாபேஸுக்குள் சத்தமில்லாமல் நடக்கிற ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஒரு ஃபங்ஷன், அதாவது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்கிற சிறு நிரல், கணக்குப் போட்டு ஒரு எண்ணைத் தந்தால் சோதிப்பது சுலபம், வந்த விடை சரியா என்று பார்த்தால் போதும். ஆனால் டேபிளில் எதையாவது மாற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிற ஃபங்ஷன்களும் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இவற்றை 'ரிட்டர்ன்ஸ் வாய்ட்' என்று எழுதுவோம். இவற்றுக்குப் பலர் எழுதும் டெஸ்ட் என்ன தெரியுமா? கூப்பிட்டுப் பார்ப்பார்கள், எர்ரர் வரவில்லையா, சரி, பாஸ். போஸ்ட்கிரெஸுக்கு டெஸ்ட் எழுத உதவும் பிஜிடேப்பில் இதற்கென்றே லைவ்ஸ்_ஓகே இருக்கிறது, அது சொல்வது அந்த ஒன்றை மட்டும்தான். டேபிளை மாற்றச் சொல்லும் ஒரு அப்டேட் எந்த ரோவையும் (டேபிளின் ஒரு வரிசையையும்) தொடாமல் போனால்கூட டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது தவறில்லை, அதற்கும் பாஸ்தான்!

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு பயனரின் கணக்கை முடக்குவதற்கு ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதன் டெஸ்ட் இதைவிட ஒரு படி மேல்: ஒரு பயனரைச் சேர்த்து, ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அவர் முடங்கிவிட்டாரா என்று டேபிளிலேயே போய்ப் பார்த்தது. பாஸ். லைவுக்குப் போன அன்றைக்கு ஒருவரை முடக்கப்போய் அத்தனை பேரும் முடங்கிவிட்டார்கள். தேடிப் பார்த்தால், ஃபங்ஷனுக்கு நாம் கொடுக்கும் மதிப்பான பாராமீட்டருக்கும் டேபிளின் ஃபீல்டுக்கும் ஒரே பெயர், யூசர்_ஐடி. டேட்டாபேஸோடு பேசும் எஸ்கியூஎல் மொழியில் எழுதிய ஃபங்ஷனில் பெயர் இப்படி மோதினால் போஸ்ட்கிரெஸ் ஃபீல்டைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக 'வேர் யூசர்_ஐடி = யூசர்_ஐடி' என்ற வரி ஒவ்வொரு ரோவையும் அதனோடேயே ஒப்பிட்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டது. (போஸ்ட்கிரெஸின் இன்னொரு மொழியான பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதியிருந்தால் 9.0 பதிப்பிலிருந்தே எர்ரர் வந்து காப்பாற்றியிருக்கும்.) எழுதியவர் கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நானும்தான் அந்தக் கோடைப் படித்தேன், என் கண்ணிலும் படவில்லை. டெஸ்டில் இருந்தது ஒரே ஒரு ரோ, அதற்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து குறைந்தது இரண்டு ரோ போடாமல் நான் டெஸ்ட் எழுதுவதில்லை. மாற வேண்டியது மாறியதா என்பதோடு, மாறக்கூடாதது அப்படியே இருக்கிறதா என்றும் பார்ப்பேன். பிஜிடேப்பின் ரிசல்ட்ஸ்_ஈக்யூ வைத்து முழு டேபிளையும் ஒப்பிட்டுவிடலாம். இல்லாத ஐடியைக் கொடுத்தால் ஃபங்ஷன் கத்த வேண்டுமென்றால் அதற்கு த்ரோஸ்_ஓகே.

அப்புறம், இந்த டெஸ்டுகளை பிகின் போட்டு ஒரு டிரான்சாக்ஷனாக (ஒரே தொகுப்பாக) ஆரம்பித்து, செய்ததையெல்லாம் ரத்து செய்யும் ரோல்பேக்கில் முடிப்பது வழக்கம், தடயமே இருக்காது. நல்ல பழக்கம்தான், ஆனால் அதை முழுசாக நம்பிவிடக் கூடாது. நேரத்தைக் கேட்கும் நவ் என்பது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தையே கடைசி வரைக்கும் தரும், அதனால் 'கடைசியாக மாற்றிய நேரம்' மாறியதா என்று பார்த்தால் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கும். மாற்றங்களை நிரந்தரமாக்கும் கமிட் வரைக்கும் தள்ளிவைத்த கான்ஸ்ட்ரெயின்டுகள் (டேட்டா மீறக்கூடாத விதிகள்) ரோல்பேக்கில் சோதிக்கப்படுவதே இல்லை, செட் கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இமீடியட் என்று நாமே சொன்னால்தான் உண்டு. 2018-இல் போஸ்ட்கிரெஸின் 11-ஆம் பதிப்போடு வந்த, ஃபங்ஷன் போன்ற புரொசீஜர்களில் உள்ளேயே கமிட் இருந்தால் இந்த வழியே செல்லாது, டெஸ்டுக்கென்று தனி டேட்டாபேஸ் வைத்து ஒவ்வொரு முறையும் துடைத்துத்தான் ஆக வேண்டும்.

டெஸ்டுக்கு நேரமில்லை என்று சொல்கிற மேலாளர்களும் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். ஒருவரை முடக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டாவது ரோ சேர்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடங்கியவர்களில் யார் ஏற்கெனவே முடக்கப்பட்டிருந்தவர், யார் புதிதாக மாட்டிக்கொண்டவர் என்று பேக்கப்போடு ஒப்பிட்டுப் பிரித்தெடுக்க ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

இப்படிக்கு,
ஒரு டேட்டாபேஸ் டெவலப்பர்