தண்டவாளத்துச் சல்லியில் கை வைக்காதீர்கள்

திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையோர ஊராட்சித் தலைவர்களுக்கும், குளத்துப் பாசன விவசாயிகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன் இதை எழுதுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே சல்லியையும் மண்கரையையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளமும், அதைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டைகளும் அந்தரத்தில் தொங்கின. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சல்லிதான் வண்டியைத் தாங்குகிறது. சரக்கு வண்டியின் ஓர் அச்சு 20 டன்னுக்கு மேல் பாரம் இறக்கும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ சின்ன நாணயத்தளவு. அந்தப் பாரம் 60 செ.மீ.க்கு ஒன்றாகக் கிடக்கும் சிலீப்பர்களுக்கு இறங்கி, அடியில் சுமார் 30 செ.மீ. கனத்துக்குக் கிடக்கும் சல்லியில் பரவி, மண் தாங்கும் அளவுக்குக் குறைகிறது. இதற்குக் கருங்கல்லைக் கிரஷரில் உடைத்து, 20 மி.மீ. முதல் 65 மி.மீ. வரை சலித்தெடுக்கிறார்கள். தாமிரபரணிக் கூழாங்கல் ஆகாது, உருண்டு ஓடிவிடும். உடைத்த கல்லின் முனைகள்தான் ஒன்றையொன்று கவ்வும். பொடிச் சல்லியும் ஆகாது, தண்ணீர் வடிய சந்து இருக்காது.

சிலீப்பர் முனைக்கு வெளியே தோள்போலக் கிடக்கும் கல்லை மிச்சக் கல் என்று நினைத்து அள்ளுகிறார்கள். எங்களுக்குப் பெரிய பயமே இதில்தான். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால், தடையில்லாவிட்டால், 35 செ.மீ. அளவுக்கு நீளும். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் நீள இடமில்லை. இரும்பு பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். அதை அணைத்து நிறுத்துவதில் அந்தத் தோள் கல்லுக்குப் பெரிய பங்கு. தொழுவத்துத் தரைக்கென்று நாலு சட்டி அள்ளிய இடம் சித்திரை வெயிலில் நெளியலாம். வண்டி தடம் புரள அது போதும்.

அடுத்தது குப்பை. சாம்பல், வண்டல், தேரி மணல், வீட்டுக் கழிவு எது புகுந்தாலும் கல்லின் சந்து அடைபடும். தண்ணீர் வடியாமல் நின்றால், ஒவ்வொரு சக்கரம் அமுக்கும்போதும் சேறு கொப்பளிக்கும். கல்லின் முனை தேய்ந்து மழுங்கும், சிலீப்பருக்கு அடியில் குழி விழும், தண்டவாளம் இறங்கும். மேலே புதுச் சல்லி கொட்டி இடித்து இறுக்கிவிட்டால் சில நாள்தான் நிற்கும். முழுவதும் தோண்டிச் சலித்துப் போட்டால்தான் தீரும்.

மழைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குளத்து மறுகால் ஓடை ரயில் பாதையைக் கடக்கும் பாலங்களுக்கு முன்னும் பின்னும் ஊர் எல்லைக்குள் இருக்கும் அமலைச் செடியையும் கருவேலையையும் வெட்டுங்கள். பாலத்துக்கு உள்ளே நீங்களாக இறங்காமல் ரயில்வேக்காரர்களிடம் கேளுங்கள். தண்ணீர் போகும் பாலக் கண் அடைபட்டால் வெள்ளம் கரையேறித்தான் போகும், முதலில் போவது சல்லி. பாதையோரம் குப்பை கொட்ட ஊராட்சி வண்டிகளை விடாதீர்கள்.

குளம் உடையும்போலத் தெரிந்தாலோ, கல் போய்ச் சிலீப்பர் தொங்குவதைப் பார்த்தாலோ, இரவென்றும் பாராமல் பக்கத்து கேட் கீப்பரிடமோ நிலைய அதிபரிடமோ சொல்லுங்கள், 139க்கும் கூப்பிடலாம். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் ரயில் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் கிலோமீட்டர் இருக்கிறது. இடத்தைத் தேட வேண்டியிராது.

இப்படிக்கு,
தண்டவாளப் பராமரிப்பு வேலை தெரிந்தவர்கள்