நாலு மணிப் பசி

கிளாஸ்கோ
டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்? ஊருக்கு வரும்போது திட்டிக்கொள். முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே. ரிப்போர்ட்டில் கொழுப்பு சரியாகத்தானே இருக்கிறது என்கிறாய். நாற்பதைத் தாண்டிய சுகர்காரர்களுக்குக் கொழுப்பு ஏறாவிட்டாலும் இதயத்துக்காக அதைக் கொடுப்பது வழக்கம். எனக்கும் அதே அடோர்வாஸ்டாட்டின்தான். அது சர்க்கரையை ஏற்றும் என்று மாடி வீட்டு டீச்சர் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் ஏறுவது சொற்பம், மாரடைப்பைத் தடுக்கும் பலன் பெரிது. காரணமில்லாமல் தொடையும் கெண்டைக்காலும் வலித்தால் டாக்டரிடம் சொல், நீயாக முடிவெடுக்காதே. ஸ்காட்லாந்தில் டாக்டர் எழுதித் தரும் மாத்திரைக்கு 2011 முதல் காசே கிடையாது. அதனால் என் மருந்துச் செலவை நினைத்துக் கவலைப்படாதே.

எனக்குக் கஷ்டம் சாயங்காலம்தான். இப்போது நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. இருட்டியதும் வயிறு எதையாவது கேட்கிறது. எதிர் வீட்டுக் கிழவி வேறு, நான் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து ஷார்ட்பிரெட் பிஸ்கட்டை நீட்டுவாள். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா, அவ்வளவுதான் அது. எனக்கு இரண்டு வியாதிக்கும் ஒரே தட்டில் விருந்து! சுகர் இருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் கிரேப்ஃப்ரூட் பழத்தை இரண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் சாற்றை நிறையக் குடித்தால் இந்த மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்கிவிடும் என்று மருந்துக்கடைப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். கிழவிக்கு ஒரே கோபம், இரண்டு நாள் பேசவில்லை. நம் பம்பளிமாஸும் அதே வகைதான், டாக்டரைக் கேட்காமல் தொடாதே.

இங்கே நிறைய பாக்கெட்டுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போட்டிருக்கும். 100 கிராமில் சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால் பச்சை, 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. கெட்ட கொழுப்புக்கு, அதாவது சாச்சுரேட்டட் கொழுப்புக்கு, பச்சை 1.5 கிராம் வரை, 5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. நம் ஊர் பாக்கெட்டின் பின்னாலும் இந்தக் கணக்கு பொடி எழுத்தில் இருக்கும். நீ வாங்கும் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டைத் திருப்பிப் பார். சர்க்கரை இருக்காது, மைதாவும் கொழுப்பும் இருக்கும். ரஸ்க்கும் வேண்டாம். பொரியும் சட்டென்று சர்க்கரையை ஏற்றும். கொய்யாக்காய், நீர்மோர், வெள்ளரி, உப்பில்லாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி, இதெல்லாம் சரி. மாமா வாங்கி வரும் தட்டையை அவரே சாப்பிடட்டும். ஆனால் ஒன்று: சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு சஷ்டி விரதம் இருக்காதே. சர்க்கரை இறங்கிப் படபடவென்று வேர்த்தால் வேர்க்கடலை உதவாது, உடனே குளுக்கோஸ் கரைத்துக் குடி.

நான் ஞாயிறு இரவு பட்டாணி ஊறப்போட்டு சுண்டல் செய்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு ஊறவைப்பது என்று இன்னும் கை பழகவில்லை, புதன் வரை ஓடுகிறது. தேங்காய் பெயருக்குத்தான். மாங்காய் கிடைக்கும் அன்று போடுவேன். போன வாரம் அதைக் கிண்ணத்தில் போட்டு ஜன்னலோரம் நின்று சாப்பிட்டேன். மெரினாவில் அப்பா நமக்கு இரண்டு பொட்டலம் வாங்கித் தந்து, நீ உன் மாங்காய்த் துண்டுகளை எல்லாம் எனக்குப் பொறுக்கிப் போடுவாயே, அக்கா. அப்புறம் சாப்பிட முடியவில்லை. மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

குளிர் ஒன்றும் பெரிதில்லை. வீட்டுக்குள்ளேயும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், ஹீட்டர் காற்று உடம்புக்கு ஆகாது என்கிறார்கள். வேலையும் இப்போது வாரத்துக்கு நாலு நாள்தான், ஓய்வு நல்லதுதானே. இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகும், தை பிறந்ததும் சேர்த்து அனுப்புகிறேன்.

மாம்பலம் வீட்டுச் சொத்து வரி இந்த அரையாண்டுக்குக் கட்டியாகிவிட்டதா? ரசீது யார் பெயரில் வருகிறது என்று மாமாவைப் பார்க்கச் சொல். அப்பா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இப்போதே எழுதிப் போடவேண்டும். சின்னவன் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். அவனிடம் நீ பேசாதே, சண்டையில்தான் முடியும். சித்தப்பாவை விட்டுச் சொல்லச் சொல். மொட்டை மாடி ஒழுகலுக்குக் கொத்தனார் கேட்கும் தொகை அதிகம், இன்னொருவரிடமும் விலை கேள். நித்யா கல்யாணத் தேதி முடிவானதும் எழுது, டிக்கெட்டைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். உன் மூன்று மாத சர்க்கரை ரிப்போர்ட்டையும் அந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
தம்பி