வட்டம் போட்டா கதிரியக்கம் அதுக்குள்ளயே நிக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜப்பான்ல நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்து பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கூட போட்டிருந்த மேப்தான் உறுத்துது. உலைய நடுவுல வச்சு 20 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர்னு காம்பஸ்ல இழுத்த மாதிரி ரெண்டு வட்டம். பாக்குறவங்க வட்டத்துக்கு வெளிய இருந்தா தப்பிச்சாச்சுன்னு தானே நினைப்பாங்க?

2011 மார்ச் 15 அன்னைக்கு காத்து வடமேற்கா திரும்புச்சு, அந்த நேரம் பாத்து மழையும் பனியும் வேற, உலையிலேருந்து கிளம்பி காத்தோட போய்க்கிட்டு இருந்த சீசியம், அயோடின்ங்கற கதிரியக்கப் பொருளெல்லாம் அப்படியே தரைக்கு இறங்கிடுச்சு. இறங்குன இடத்துல ஒண்ணு ஈட்டாட்டே கிராமம். அதோட பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு வெளிய, அதனால கடலோர ஊர்லேருந்து ஓடி வந்தவங்களுக்கு அவங்கதான் எடம் குடுத்தாங்க. அந்த ஊரையே காலி பண்ணணும்னு அறிவிச்சது ஏப்ரல் 22, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு! நமியே ஊர்க்காரங்க கத இன்னும் கொடும, உலைய விட்டு தள்ளிப் போறோம்னு ட்சுஷிமா பக்கம் போனாங்க, கடைசில அதுவும் காத்து போன வழி. காத்து எந்தப் பக்கம் கொண்டு போகும்னு கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு அரசாங்கத்துகிட்ட இருந்துச்சு சார், ஜனங்களுக்கு அந்த நேரத்துல யாரும் சொல்லல. இத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

அப்புறம் கட்டுரையில "30 வருஷத்துல சீசியம் போயிடும்"னு ஒரு வரி. போகாது, பாதி ஆகும், 60 வருஷம் ஆனாலும் கால்வாசி நிக்கும். 8 நாளைக்கு ஒரு தடவ பாதியாகுறது அயோடின் 131, அதான் சில மாசத்துல காணாம போச்சு. சீசியம்லயும் 134-னு ஒண்ணு ரெண்டே வருஷத்துல பாதியாகும், ரெண்டு சீசியமும் கிட்டத்தட்ட சம அளவுல வெளிய வந்ததால முதல் சில வருஷம் கதிரியக்கத்த அளக்குற மீட்டர் வேகமா இறங்குச்சு. இப்ப பெரும்பாலும் மிச்சம் இருக்கறது அந்த 30 வருஷத்துல பாதியாகுற சீசியம் 137, அது மெதுவாத்தான் இறங்கும்.

அதுவும் ஒரே ஊருக்குள்ள எல்லா எடமும் ஒண்ணில்ல. சீசியம் களிமண்ண கெட்டியா புடிச்சுக்கிட்டு மேல் மண்ணுலயே கிடக்கும், அதான் வயல்ல ஒரு 5 சென்டிமீட்டர் மண்ண சுரண்டி கருப்பு பையில கட்டி வச்சாங்க. கூரத் தண்ணி வழியுற குழாய்க்கு அடியில மீட்டர வச்சா வாசல விட அதிகமா காட்டும். காட்டுலயோ வீட்ட ஒட்டி 20 மீட்டர் மட்டும்தான் சுத்தம் பண்ணாங்க, மத்தபடி அப்படியே விட்டுட்டாங்க, காட்டுப்பன்னியும் காளானும் இன்னும் சிக்கல்தான்.

ஹெலிகாப்டர்ல பறந்து அளந்து வெளியிட்ட மேப்பே இருக்கு சார், உலையிலேருந்து வடமேற்கா நாக்கு நீட்டுன மாதிரி இருக்கும். அடுத்த தடவ அதப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்