சுண்டிக்குளத்தில் நடந்து பார்க்க ஒரு பாதை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாசி மாதம் கனடாவில் இருந்து வந்த என் பெறாமகளை வன்னிக் கரையோரத்தில் இருக்கிற சுண்டிக்குளம் தேசிய பூங்காப் பக்கம் கூட்டிப் போனேன். வாகனத்தால் இறங்கியதும் அவள் கேட்டது, "பெரியம்மா, இதில எதால நடக்கிறது?" அவள் இருக்கிற ஊரில் கரையோரப் பூங்கா என்றால் வாசலில் வரைபடம் இருக்குமாம், மரத்துக்கு மரம் அம்புக்குறி இருக்குமாம், வெளிக்கிட்ட இடத்துக்கே ஒரு மணித்தியாலத்தில் சுற்றிக்கொண்டு வந்துவிடலாமாம், வயதுபோனவர்களும் வருவார்களாம். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கரையில் மீன்பிடிகாரர் தங்குகிற வாடியில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பிதான் வழி காட்டினார். பூங்காவுக்குள் அல்ல, ஊர் ஓரமாக. கடற்கரையால் போய், குறுக்கே திரும்பி, களப்பு, அதுதான் கடலோரத்து உப்புநீர் ஏரி, தெரிகிற பக்கத்தால் வந்து சேர்ந்தோம். முழங்கால் வருத்தக்காரியான எனக்கே ஒன்றரை மணித்தியாலம்தான், ஏற்றம் இறக்கம் கிடையாது, புதைமணல் மட்டும் கொஞ்சம் காலை இழுக்கும். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருக்கிற அழகை நான் முப்பது வருடம் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன், கிட்ட நின்று பார்த்தது அன்றைக்குத்தான். தூரத்தில் பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாகப் பிடித்துச் சேற்றை வடித்துத் தின்றுகொண்டு நின்றன. அவற்றின் சிவப்பு அந்தத் தீனியில் இருந்து வருவது என்று சொன்னேன், பிள்ளை நம்பவில்லை.

ஒரு இடத்தில் அவள் படம் எடுக்கப் பற்றைப் பக்கம் காலை வைத்தாள். நான் கத்திவிட்டேன். அந்தத் தம்பி, இந்தப் பக்கம் எல்லாம் துப்புரவாக்கியாயிற்று, பயப்பிடாதேங்கோ என்றார். சரி, ஆனால் எனக்குக் கால் கூசியது. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட "மிதிவெடி கவனம்" பார்த்துப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, தடத்தை விட்டு விலகக்கூடாது என்பது உடம்பிலேயே ஊறிவிட்டது. எங்கட பிள்ளைகள் காட்டையும் கடற்கரையையும் வாகனக் கண்ணாடியால் மட்டும் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் கேட்கிறேன், இந்த வழியால் நடக்கலாம் என்று பொறுப்பானவர்கள் அடையாளம் போட்டுத் தருவது வன்னியில் வெறும் உல்லாசப் பயணிகளுக்கான அலங்காரம் இல்லை.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2015இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். தேசிய பூங்கா என்றால் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது என்பதுதான் பொதுவான நடைமுறை. ஆனால் ஹோட்டன் சமவெளியும் தேசிய பூங்காதானே? அங்கே உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பைப் பார்த்துவிட்டு வேறு வழியால் திரும்பி வர ஒன்பது கிலோமீற்றர் அளவில் சனம் குளிரில் நடக்கிறது. எங்களுக்கு மூன்று கிலோமீற்றர் போதும்.

கொங்கிறீற் வேண்டாம், மின்விளக்கும் வேண்டாம். மண்பாதை, நாலைந்து கம்பம், பாதி வழியில் நிழலுக்கு ஒரு கொட்டில். பாதை தண்ணீர்க் கரையை ஒட்டிப் போகக்கூடாது, கிட்டப் போனால் பறவை எழும்பிவிடும், பிறகு அது தின்பது எப்போது? முதலையும் உண்டு. மாரியில் மூடிவிடலாம், இரணைமடுக் குளம் நிரம்பி அதன் வான்கதவு திறந்தால் கனகராயன் ஆற்றுத் தண்ணீர் முழுக்க இந்தக் களப்புக்குத்தான் வரும், அப்போது நடக்க ஏலாது. தை, மாசி, பங்குனி திறந்தாலே போதும், வலசைப் பறவைகளும் அப்போது நிற்கும். வழிகாட்டிகளாக அந்த ஊர் மீன்பிடித் தொழிலாளிகளையே எடுங்கள். பாதை போடுகிறோம் என்று சொல்லி அவர்களுடைய வாடிகளைக் கிளப்புவதாக இருந்தால் பாதையே வேண்டாம், நான் இந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. பலகை போடும்போது தமிழை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போடுங்கள். கூப்பிட்டால் நானே வந்து பார்த்துத் தருவேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி