ரஃப்லீசியா வாழும் கொடியைக் குறியிடாமல் சரிவை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய நில, வன அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்குக் கீழே, தாப்பா சாலையை ஒட்டிய காட்டுச் சரிவைப் போன வாரம் மண்வாரி இயந்திரம் வெட்டிப்போட்டது உங்களுக்குத் தெரியும். புகார் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

மண்வாரி போன தடத்தில் அறுந்து கிடந்த காட்டுக்கொடியைத் தூக்கிப் பார்த்தோம். அதில் ஒட்டியிருந்த, உலகிலேயே மிகப் பெரிய பூவான ரஃப்லீசியாவின் மொட்டுகள் முட்டைக்கோஸ் அளவுக்கு முற்றியவை. எல்லாம் கறுத்துப்போய், அமுக்கினால் விரல் உள்ளே இறங்கியது. இலை, தண்டு, வேர் எதுவும் இல்லாத பூ இது. கொடிக்குள்ளேயே இழையாக ஓடி, அதன் சத்தில் வாழ்கிறது. கொடி போனால் பூவும் போச்சு. “வேறு இடத்தில் நட்டுக்கொள்ளுங்கள்” என்று உங்கள் கவுண்டரில் சொன்னார்கள். எதை நடுவது? மொட்டு முற்ற ஒன்பது மாதம்போல ஆகும், விரிந்தால் ஒரு வாரம் நிற்பதே பெரிது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் அக்கம்பக்கத்தில் பூத்து, அழுகல் வாடைக்கு வரும் ஈ இதிலிருந்து அதற்குப் போனால்தான் காய் பிடிக்கும். நாலு மொட்டு அழிந்தால் நட்டம் நாலோடு நிற்காது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வெட்ட அனுமதி கொடுக்கும் முன், மொட்டுள்ள கொடிகளைக் குறியிட்டு, சுற்றியுள்ள காட்டை விட்டுவையுங்கள். எந்தக் கொடி எங்கே என்பது இங்குள்ள பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்களுக்கு அத்துப்படி. பயணிகளுக்கு இந்தப் பூவைக் காட்டித்தான் அவர்களில் பலர் நாலு காசு பார்க்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. அதைக் காட்டியே, இந்த இடம் பேராக் மாநிலமா பகாங் மாநிலமா என்று எங்களை அலையவிடுகிறீர்கள். மண்வாரியை மட்டும் எந்த எல்லையும் தடுக்கவில்லை. 2013 அக்டோபரில் ரிங்லெட் ஏரி அணையின் நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. வெட்டிய சரிவுகளின் மண் அந்த ஏரியில் சேர்வதைப் பற்றி அன்றைக்கு எவ்வளவு பேசினோம்! பேச்சோடு சரி. பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டின் பின்பக்கம் ரஃப்லீசியாவை அச்சடித்திருக்கிறது இந்த நாடு. அதைக் காட்டில் வாழவிடுவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரிவின் மேல்பாதி இன்னும் மிஞ்சியிருக்கிறது. அங்கே வேலையை நிறுத்திவிட்டு, கொடிகளைக் குறியிட ஓர் அதிகாரியை அனுப்பிவையுங்கள். வழிகாட்ட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ரிங்லெட் வட்டாரத் தோட்டத்து மக்கள்