மணல் வடிகட்டித் திட்டம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கிணறு, குளத்து நீரையே குடிக்கும் வீடுகளுக்கு உயிர்மணல் வடிகட்டி செய்து கொடுக்க உங்கள் உதவியை நாடுகிறோம்.

1990-களில் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் உருவாக்கிய முறை இது. இடுப்பளவு உயரக் கான்கிரீட் பெட்டி. அடியில் சரளை, அதன்மேல் சன்னமான மணல். மின்சாரம் வேண்டாம், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய உதிரிபாகமும் இல்லை. வடிந்த நீர் வெளிவரும் குழாயின் வாய் மணல் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால், ஊற்றாத நேரத்திலும் மணலுக்கு மேல் சுமார் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும். அந்த ஈரத்தில் மணலின் மேற்பரப்பில் ஒரு நுண்ணுயிர்ப் படலம் வளர்ந்து, நீரோடு வரும் நோய்க்கிருமிகளைத் தின்கிறது.

சிக்கலும் இங்கேதான். படலம் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். தண்ணீரோ முதல் நாளே பளிச்சென்று வரும். யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அதுவரை கொதிக்க வைத்தோ குளோரின் கலந்தோதான் குடிக்க வேண்டும். அப்புறம், அடைப்பு எடுக்கிறேன் என்று மணலை மொத்தமாக அள்ளிக் கழுவினால் படலமும் போய்விடும். மேல்மணலை லேசாகக் கலக்கி, கலங்கல் நீரை மொண்டு கொட்டினாலே போதும். வீடு வீடாகப் போய் இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும். பெட்டி செய்யும் செலவைவிட இந்தச் செலவுக்குப் பணம் கேட்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. ஆனால் இது இல்லாவிட்டால் வடிகட்டி மூலையில் கிடக்கும்.

ஆர்செனிக், ஃபுளோரைடு, உப்பு ஆகியவற்றை இந்த வடிகட்டி நீக்காது. எனவே முதலில் ஒவ்வொரு கிணற்று நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அங்கே தேறாத நீருக்கு வடிகட்டி வைக்க மாட்டோம். அந்தக் கட்டணமும் உங்கள் நன்கொடையிலிருந்தே போகும்.

பொருளாகத் தருபவர்கள் சிமெண்ட், பெட்டி வார்க்கும் இரும்பு அச்சு, கருங்கல்லை உடைத்த மணல், மூடியும் குழாயும் உள்ள குடிநீர்ப் பாத்திரம் தரலாம். வடித்த நீரில் கைவிட்டு மொண்டால் கிருமி திரும்பவும் சேர்ந்துவிடும் என்பதால் குழாய் அவசியம். ரசாயனம் வைத்திருந்த கேன்களை வாங்குவதில்லை. ஆற்று மணல் தர முன்வந்தவர்களுக்கு நன்றி. அதில் அழுக்கும் கிருமியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே வேண்டாம்.

தொகை தருபவர்கள் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவோம். பணம் தர வசதியில்லையா, சரி, மணல் சலிக்க வாருங்கள். சலித்துக் கழுவுவதுதான் இதில் ஆள்பலம் அதிகம் தேவைப்படும் வேலை.

இப்படிக்கு,
குடிநீர்த் திட்டக் குழு