குடும்பிமலை எப்போது நெருப்புக் கக்கியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில், எங்கள் மட்டக்களப்பின் குடும்பிமலை ‘அணைந்துபோன எரிமலை’ என்றும், ‘அருகிலுள்ள’ மகாஓயா வெந்நீரூற்று அதற்குச் சாட்சி என்றும் அடித்துச் சொல்லியிருந்தீர்கள். எரிமலையின் காலடியில் இத்தனை தலைமுறையாகப் பயமில்லாமல் வயல் செய்து மாடு மேய்த்த எங்கள் சனத்துக்கு நீங்கள் ஒரு விருதாவது தரலாம்.

இலங்கையில் எரிமலை கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளூடாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறித் திரும்பி வருவதே மகாஓயா ஊற்று. கீழே போகப் போக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும்; இதற்கு நெருப்புக் குழம்பு எதற்கு? குடும்பிமலைக்கும் மகாஓயாவுக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதியவர் வரைபடத்தை விரித்தாவது பார்த்தாரா?

மலையெல்லாம் எரிமலையால் வருவதில்லை. இமயத்தைப் பாருங்கள். இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இரண்டும் இலேசான கண்டப் பாறை. சமுத்திரத் தட்டைப் போல மான்டிலுக்குள், அதாவது புவியின் ஓட்டுக்குக் கீழுள்ள சூடான பாறைப் படைக்குள், இலகுவில் அமிழாது. புவியின் மேல் ஓடு மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வழமையாக 35 கிலோமீற்றர் அளவில் இருக்கும் அதன் தடிப்பு திபெத்தின் அடியில் 70 வரை போய்விட்டது. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்.

எங்கள் பாறைகளின் கதை இன்னும் பழையது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழம் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், கண்டங்கள் மோதிய இடத்தில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து உருமாறியவை இவை. உன்னிச்சைப் பக்கம் உடைத்துக் குவித்த கல்லை மாணவர்களின் கையில் கொடுத்திருக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் நெளிந்து, சில இடங்களில் இரண்டாக மடிந்தே கிடக்கும். ஆற அமரப் பார்த்தால் போதும், அது வழிந்தோடிய எரிமலைக் குழம்பல்ல என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். மேலிருந்த மலையை மழையும் காற்றும் தின்னத் தின்ன, வாவியில் மூட்டை இறக்கிய தோணி மாதிரி அடிப்பாறை மான்டிலின் மேல் மெல்ல எழுந்தது. சுற்றியிருந்ததெல்லாம் கரைந்துபோக, கரையாத கட்டியாக எஞ்சியதுதான் குடும்பிமலை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் பேத்தி கேட்கிறாள்: “அப்பப்பா, பேப்பரிலேயே போட்டிருக்கே!” ஆயுள் முழுக்கப் புவியியல் படிப்பித்த எனக்கு நீங்கள் தந்த மரியாதை இது.

நீங்கள் இப்படிச் செய்வது இது முதல் தடவையும் அல்ல. தாந்தாமலைத் திருவிழாச் செய்திக்கு உகந்தைமலைப் படம் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுமத்திராவுக்கு அப்பால் ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் நழுவி 9.1 அளவில் நிலம் அதிர்ந்ததே, அந்தச் சுனாமி எங்களைத் தின்ற ஈரம் காயுமுன், ‘மீண்டும் கடல் வரும்’ என்று ஒரு சோதிடர் நாள் குறித்ததையும் முதற்பக்கத்தில் போட்டீர்கள். அன்றிரவு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்த சனத்தோடு நானும் நின்றேன். அதற்கும் எழுதினேன். கிழக்கு என்றால் வெள்ளம், யானை, சூறாவளி. மிச்சத்துக்கு வாயில் வந்ததை எழுதலாம் என்ற நினைப்புப் போலும்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அதே மாணவர் பகுதியில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம். வழமைபோல மரண அறிவித்தல்களுக்கு அடியில் ஒளித்துவிடாதீர்கள். படம் போடுவதானால் தயவுசெய்து குடும்பிமலைப் படமாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
ஆரையம்பதி.